முதல் மரியாதை கேட்கும் மாத்திரை

கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று நடக்கும் தகராறு, இப்போது நம் வயிற்றுக்குள்ளும் வந்துவிட்டது. தைராய்டு மாத்திரையில் இருக்கும் மருந்து 50, 75 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தோரணை பெரிது. வெறும் வயிறு வேண்டும், துணைக்குத் தண்ணீர் மட்டும் வரலாம், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எவரும் வாசல் தாண்டக் கூடாது. ஃபில்டர் காபிக்கும் இதே தடைதான். "சர்க்கரை போடாத காபிதானே டாக்டர்?" என்று கேட்காத நோயாளி அபூர்வம்.

இதற்கிடையில் அசிடிட்டி மாத்திரையும் 'சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறது. கால்சியமும் இரும்புச்சத்தும் இன்னும் மோசம்: தைராய்டு மருந்தைக் குடலிலேயே கட்டிப் பிடித்து, ரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். ஆகவே நான்கு மணி நேரம் தள்ளி. ஆறு மணிக்கு இது என்றால் பத்து மணிக்கு அது. நடுவில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, நேரம் இருந்தால் இட்லி. ரிட்டயரானவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று யார் சொன்னது?

டாக்டரைக் கேட்டுக்கொண்டு இரவில் போடலாம் என்றொரு வழியும் உண்டு. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பதரைக்குத் தோசை, பத்தரைக்கு ஒரு டம்ளர் பால் என்று வாழும் குடும்பங்கள் அதற்காக நள்ளிரவைத் தாண்டி விழித்திருக்கலாம்.