பென் டிரைவ் ஒன்றைச் சொருக அனுமதி கோருதல் – தொடர்பாக

அனுப்புநர்
கண்காணிப்பாளர், 'அ' பிரிவு,
பெயர் சொல்ல விரும்பாத ஒரு மாவட்ட அலுவலகம்.

பெறுநர்
தகவல் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

(உரிய வழியாக. உரிய வழி இக்கடிதத்தை எங்காவது நிறுத்தி வைத்துக்கொள்ளும் என்பதால் பத்திரிகைக்கும் ஒரு நகல்.)

ஐயா,

பொருள்: கணினி – விண்டோஸ் பழுது – புதிதாக நிறுவுதல் – பென் டிரைவ் ஒன்றைச் சொருக அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எந்தக் கணினியிலும் எந்தப் பென் டிரைவையும் சொருகக் கூடாது என்னும் தங்கள் சுற்றறிக்கை. 2. பழுதான கணினிகளை உடனடியாகச் சரிசெய்து அறிக்கை அனுப்பக் கோரும் தங்கள் சுற்றறிக்கை. 3. பார்வை 1ஐயும் 2ஐயும் தவறாது பின்பற்றக் கோரும் தங்கள் நினைவூட்டு.

பார்வையில் கண்ட மூன்றும் இவ்வலுவலகத்தில் வரப்பெற்று, தன்பதிவேட்டில் பதியப்பட்டு, பணியாளர் அனைவரிடமும் கையொப்பம் பெற்றுக் கோப்பில் சேர்க்கப்பட்டுவிட்டன என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மூன்றையும் ஒருசேர நிறைவேற்ற வழியில்லை என்பதையும் அதே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

'அ' பிரிவின் கணினியை ஆன் செய்தால் கம்பெனி முத்திரை வருகிறது. வெள்ளைப் புள்ளிகள் வட்டமடிக்கின்றன. 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' நடப்பதாக ஓர் அறிவிப்பு, சற்றுப் பொறுத்து ரிப்பேர் செய்ய இயலவில்லை என்று இன்னோர் அறிவிப்பு, பிறகு மறுபடி கம்பெனி முத்திரை. தன் மீதான புகாரைத் தானே விசாரித்து, தன்னால் ஆகாது என்று அன்றைய தினமே எழுத்துபூர்வமாக ஒப்புக்கொள்ளும் ஒரே ஆள் இவ்வலுவலகத்தில் இந்தக் கணினிதான்.

பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்த்தார். "விண்டோஸ் ஃபைல் போயிருச்சு மேடம். பூட்டபிள் போட்டுப் புதுசா ஏத்தணும். ஒரு மணி நேர வேலை" என்று சொல்லிக்கொண்டே பைக் சாவிக்கொத்திலிருந்து ஒரு பென் டிரைவைக் கழற்றினார். பார்வை 1ஐ அவரிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். திரும்பச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்ல வரவில்லை. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்னும் கணினிப் புழு, இணைய இணைப்பே இல்லாத ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்துக்குள் பென் டிரைவ் வழியாகத்தான் புகுந்தது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவ்வலுவலகத்தில் யுரேனியம் எதுவும் செறிவூட்டப்படவில்லை. முதியோர் ஓய்வூதிய மனுக்கள் மட்டும் செறிந்து கிடக்கின்றன. ஆனாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.

ஆனால் 2017 மே மாதத்தில் உலகத்தையே அலைக்கழித்த வானாக்ரை என்னும் கணினிப் புழு எந்தப் பென் டிரைவையும் நம்பி வரவில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்ததே, அப்போது அது நெட்வொர்க் கேபிள் வழியே கணினி விட்டுக் கணினி தாவியது. எந்த ஓட்டை வழியாகப் புகுந்ததோ அதை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. பேட்ச் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. இவ்வலுவலகத்தில் விண்டோஸ் 7 ஓடும் கணினிகள் இன்னும் இருக்கின்றன. அதற்கான பாதுகாப்புப் பேட்ச்களைப் பொதுவில் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 10க்கும், தனியாக நீட்டிப்புப் பெறாத கணினிகளைப் பொறுத்தவரை, 2025 அக்டோபர் 14 அன்று கதை முடிந்தது. இவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று இதுவரை ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை. வாசலுக்குப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைக் காற்றாட விட்டிருக்கிறோம்.

வாசலை எவ்வளவு சிறப்பாகப் பூட்டினோம் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். யூ.எஸ்.பி. துளைகளை அரக்கு வைத்துச் சீல் செய்யும்படி பார்வை 1இன் இணைப்பு கூறியது. தேர்தல் பணியில் தேர்ந்த கைகள் இங்கே நிறைய உண்டு. ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. முடிந்த பிறகுதான் கீபோர்டும் மவுசும் அதே துளைகளில்தான் சொருகப்பட்டிருக்கின்றன என்பது கவனத்துக்கு வந்தது. சொருகியவை சொருகியபடியே சீல் ஆகிவிட்டன. ஸ்பேஸ் பார் வேலை செய்யாத கீபோர்டை மாற்றச் சீலை உடைக்க வேண்டும். சீலை உடைக்கத் தங்கள் முன்அனுமதி வேண்டும். அதுவரை 'இ' பிரிவின் கடிதங்கள் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லாமலேயே தங்களுக்கு வந்துகொண்டிருக்கும்.

பென் டிரைவுக்குப் பதில் டிவிடி பயன்படுத்தலாமே என்று தங்கள் பிரிவிலிருந்து தொலைபேசியில் யோசனை சொன்னார்கள். யோசித்தோம். சாதாரண டிவிடி ஒன்று 4.7 ஜிபி கொள்ளும். விண்டோஸ் 11இன் ஐ.எஸ்.ஓ. கோப்பு 5 ஜிபிக்கு மேல். அது கிடக்கட்டும். இப்போது வாங்கப்படும் கணினிகள் பலவற்றில் டிவிடி டிரைவே இல்லை. வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ் கடையில் கிடைக்கிறது. அதை எங்கே சொருக வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்டேன். யூ.எஸ்.பி.யில்தான் என்றார்.

சரி, தாங்கள் பெரிய மனது வைத்து அனுமதி கொடுத்துவிட்டீர்கள், அரக்கையும் சுரண்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கணினி ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப் போவதற்கு முன்னால் பென் டிரைவைப் பார்க்க வேண்டும். அதற்கு ஆன் செய்த கையோடு ஒரு விசையை அழுத்த வேண்டும். டெல் கணினியில் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9, வேறு சிலவற்றில் எஸ்கேப். இந்த மட்டில் நாங்கள் தேறிவிட்டோம். அழுத்தியதும் பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறது. அதைப் போட்டவர் முந்தைய கண்காணிப்பாளர். மாறுதலில் போனார், போன இடத்தில் ஓய்வும் பெற்றுவிட்டார். தொலைபேசியில் கேட்டபோது, பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கையில் பாஸ்வேர்டுக்கென்று ஒரு கலம் இல்லாததால் அதை ஒப்படைக்கவில்லை என்று விளக்கினார். விதிப்படி அவர் செய்தது சரியே.

பல மேசைக் கணினிகளில் மதர்போர்டின் பொத்தான் பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் பாஸ்வேர்டு மறைந்துவிடும். புதிய வணிக மாடல்கள் சில இதற்கு மசியாது. எங்களுடையது பழையது, மசியக்கூடும். ஆனால் கேபினெட்டைத் திறந்தால் பராமரிப்பு ஒப்பந்தம் செல்லாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஸ்டிக்கரை ஒட்டியவர்தான் திறக்க வேண்டும். அவர் சாவிக்கொத்தோடு போனவர்; பென் டிரைவுக்கு அனுமதி வந்தால்தான் வருவார்.

இதையெல்லாம் கடந்தால்தான் உண்மையான சிக்கல் வருகிறது. இத்தடை வருவதற்கு முன்பு 'ஆ' பிரிவில் ஒரு கணினிக்கு விண்டோஸ் ஏற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மொழி கேட்கும், உரிம எண் கேட்கும். அவற்றையெல்லாம் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தாண்டிவிடலாம். பிறகு ஒரு திரை வருகிறது. டிரைவ் 0, பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2, பார்ட்டிஷன் 3 என்று வரிசை. கீழே 'டெலிட்' என்று ஒரு சொல். சி டிரைவும் டி டிரைவும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். அந்தத் திரையில் சி, டி என்ற பெயர்கள் தெரியாது. எண்ணும் அளவும் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். இன்ஜினியர் மவுசின் மேல் விரலை வைத்தபடி திரும்பினார்.

"டி டிரைவ்ல முக்கியமானது ஏதாச்சும் இருக்கா சார்?"

பிரிவு முழுவதும் நிசப்தம். இருக்கிறது என்று சொன்னால், ஏன் பேக்கப் எடுக்கவில்லை என்று விளக்கம் கேட்பார்கள். இல்லை என்று சொன்னால், இத்தனை வருடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். உதவியாளர் இளநிலை உதவியாளரைப் பார்த்தார். இளநிலை உதவியாளர் தட்டச்சரைப் பார்த்தார். தட்டச்சர் அன்று விடுப்பில் இருந்தார். கடைசியில் குறிப்பு எழுதி மேலே அனுப்பினார்கள். 'விதிகளின்படி ஆவன செய்க' என்று மேலிருந்து இறங்கி வந்தது. இன்ஜினியர் ஆவன செய்தார். டி டிரைவில் என்ன இருந்தது என்பது இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டாலும் கிடைக்காது.

விண்டோஸ் ஏறிய பின்பும் நிம்மதி இல்லை. ஒருங்குறியைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு 2010இல் ஆணையிட்டும் எங்கள் பழைய கோப்புகள் வானவில் எழுத்துருவிலேயே இருக்கின்றன. எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால் நிலப்பட்டா விவரமெல்லாம் ஆங்கிலக் கூழாகத் தெரிகிறது. எழுத்துருவின் நகல் யாரிடம் உண்டு என்று விசாரித்தேன். ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவரிடம் இருக்கிறதாம், பென் டிரைவில்.

இதற்கிடையே அலுவலகப் பணி நின்றுவிட்டது என்று தாங்கள் கவலை கொள்ள வேண்டாம். எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அனைத்தும் செவ்வனே நடக்கின்றன. பயனாளிகள் பட்டியல், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் கடைக்காரத் தம்பிக்கு அனுப்புகிறோம். அவர் தட்டச்சு செய்து, அச்செடுத்து, 'ஆபீஸ் மேடம்' என்று பெயரிட்ட ஃபோல்டரில் தன் கணினியிலேயே பத்திரமாக வைத்துக்கொள்கிறார். அந்தக் கணினியில் காலை முதல் இரவுவரை ஊரில் உள்ள பென் டிரைவெல்லாம் சொருகப்படுகிறது. இவ்வலுவலக வளாகத்துக்குள் ஒரு பென் டிரைவும் நுழையவில்லை. பார்வை 1 முழுமையாக நிறைவேறியுள்ளது.

சாவிக்கொத்துப் பென் டிரைவுக்காக நான் வாதாடுவதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குள் இரண்டு புதுப்படமும், யாரோ திருத்தி எங்கோ ஏற்றிய விண்டோஸும், உரிமம் இல்லாமலே உரிமம் இருப்பதாகக் காட்டும் ஒரு புரோகிராமும் சேர்ந்தே இருக்கக்கூடும். தடை செய்ய வேண்டியது அதைத்தான். ஆனால் தலைமை அலுவலகம் நல்லதைக் கொடுக்காத வரை கெட்டதுதான் பின்வாசல் வழியாக வரும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஐ.எஸ்.ஓ. கோப்பு காசில்லாமல் கிடைக்கிறது. 8 ஜிபி பென் டிரைவ் போதும். அவர்களே தரும் கருவியோ ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருளோ இருந்தால் அரை மணி நேரத்தில் தயாராகிவிடும். கோப்பை யாரும் கைவைத்துத் திருத்தவில்லை என்பதை அதன் ஹாஷ் எண்ணை ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம். இது தங்கள் பிரிவிலேயே ஒருவர் ஒரு முற்பகலில் முடிக்கக்கூடிய வேலை.

டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லை, பிராசசர் பழையது என்று விண்டோஸ் 11 நிராகரிக்கும் கணினிகளைக் கழிவு செய்யக் கோப்பு தயாரிக்கும்படி ஏற்கெனவே பேச்சு அடிபடுகிறது. அதற்கு முன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி அனுப்பினால் சோதித்துப் பார்க்கிறோம். நம் வரிப்பணத்தில் உருவானது, உரிமக் கட்டணம் இல்லை. லினக்ஸை ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு டி டிரைவைத் திறந்து பார்க்கவும் முடியும். இருக்கா சார் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிராது. கண்ணால் பார்த்து நகலெடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே தலைமை அலுவலகமே தயாரித்த பென் டிரைவ் ஒன்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ரொக்கம் வைக்கும் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துத் தேவைப்படும்போது மட்டும் கையொப்பமிட்டு எடுக்க அனுமதிக்குமாறும், பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கையில் பயாஸ் பாஸ்வேர்டுக்கு ஒரு கலம் சேர்க்குமாறும், பயனாளிகள் பட்டியலை ஜெராக்ஸ் கடையிலிருந்து மீட்டு வர வழி சொல்லுமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அனுமதி ஆணையைத் தபாலிலேயே அனுப்பவும். மின்னஞ்சல் வேண்டாம், இவ்வலுவலகத்தில் மின்னஞ்சல் திறக்கும் கணினி மேற்படி கணினிதான்.

தங்கள் உண்மையுள்ள,
கண்காணிப்பாளர், 'அ' பிரிவு.