வெட்டுக்கூலி இலவசம்

நம்மூரில் மரம் வெட்ட ஆள் தேடுவதைப்போல் சுலபமான காரியம் வேறில்லை. தேடவே வேண்டாம். கொஞ்சம் பெருத்த வேம்போ பூவரசோ வாசலில் நின்றால் போதும், கயிறும் கோடாலியுமாக ஒருவர் தாமே வந்து சேர்வார். மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். அடிமரத்தைக் கட்டிப்பிடிப்பார், பாசம் என்று நினைத்துவிடக் கூடாது, சுற்றளவு பார்க்கிறார். பிறகு, "வேர் பூரா அஸ்திவாரத்துக்குள்ள போயிருச்சு சார். இப்பவே எடுத்துட்டா நல்லது. கூலி எதுவும் வேணாம், விறகை மட்டும் நாங்க எடுத்துக்கறோம்" என்பார். வீட்டுக்காரருக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். இலவசம் என்று காதில் விழுந்த பிறகு வேர் உண்மையிலேயே எங்கே போயிருக்கிறது என்று யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள்? என் கட்சி மிக எளியது: மரத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவரும் அதன் விறகைக் கொண்டுபோகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கூலியே மரமாகக் கிடைக்கும்போது, "இந்த ஒரு கிளையைக் கழித்தால் போதும்" என்று சொல்ல ஒருவர் மகானாக இருக்க வேண்டும். மகான்கள் மரத்தடியில் உட்காருவார்களே தவிர, மரம் வெட்டும் தொழிலுக்கு வருவது அபூர்வம்.

வேம்பையே எடுத்துக்கொள்வோம். நுனிக்கருகல் என்றொரு பூஞ்சை நோய் தென்னிந்தியா முழுக்க வேம்பைப் பிடித்து ஆட்டுகிறது. கிளைநுனிகளெல்லாம் பழுப்பேறிக் காய்ந்து தொங்கும். தெருவில் போகிற எவர் பார்த்தாலும் மரம் செத்துவிட்டது என்றுதான் சொல்வார். விறகுக்காரர் ஏன் மறுக்கப்போகிறார்? மரம் தெரிந்தவர் வேறொன்று செய்வார். கருகிய இடத்துக்குச் சற்று உள்தள்ளி, கொப்பின் பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்பார். அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் கொப்புக்கு உயிர் இருக்கிறது. இப்படிக் கருகிய மரங்களில் பல, பருவம் மாறியதும் மறுபடி துளிர்ப்பவை. காய்ந்த நுனிகளைக் கழித்துவிட்டுப் பொறுத்திருந்தால் போதும். இந்தப் பரிசோதனைக்கு வேண்டிய கருவி ஒரே ஒரு நகம். ஆனால் பச்சையைக் கண்டுபிடித்தவருக்கு அன்றைக்கு விறகு கிடையாது. கூலி விறகாக இருக்கும்வரை அந்த நகம் வளர்ந்துகொண்டே இருக்கும், கீறாது.

"சரி, வேரோடு எடுக்க வேண்டாம், மொட்டையடித்துவிடுவோம், புயல் பயமாவது தீரும்" என்பது அடுத்த வாதம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததிலிருந்து இதற்குச் செல்வாக்கு அதிகம். ஆனால் சாய்ந்தவற்றில் ஏராளமானவை நடைபாதைச் சிமென்ட்டுக்கும் சாக்கடைச் சுவருக்கும் நடுவே வேர் ஓட வழியில்லாமல் நின்றவை. கேபிள் புதைக்கத் தோண்டும்போதெல்லாம் வேரையும் இழந்தவை. காலை வெட்டிவிட்டுத் தலையைச் சிரைத்தால் யார்தான் நிற்பார்கள்? திருப்பதியில் மொட்டையடித்தால் முடி முன்போலவே முளைக்கும். மரத்துக்கு அந்தப் பிராப்தமும் இல்லை. வெட்டிய முனையைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகப் புதுக் கொப்புகள் கிளம்பும்; மேல்மரத்தில் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கும் அவை சில வருஷத்தில் கனத்து, அடுத்த காற்றில் அவையே முதலில் முறியும். ஆக, மொட்டையடித்தவருக்கு மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை அதே வீட்டில் வேலை உறுதி.

"பரம்பரையாக இந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாததா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓட்டு வீட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவே தொங்கும் கிளையைக் கயிறு கட்டி, ஓர் ஓடுகூட உடையாமல் இறக்கும் கைத்திறனை எந்தக் கல்லூரியும் கற்றுத்தராது. ஆனால் எப்படி இறக்குவது என்பது ஒரு வித்தை. எங்கே வெட்டுவது என்பது வேறு வித்தை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரத்தின் காயம் நம் காயத்தைப்போல் ஆறுவதில்லை, கெட்டுப்போன பகுதியை உள்ளேயே தடுப்புக் கட்டி ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் மரம் புதிதாக வளர்கிறது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல் வெளிப்பக்கமாக வெட்டினால் தடுப்பு சரியாக விழும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு இழைத்து வெட்டினால் அழுகல் உள்ளே போகும். மேலே தாரோ சாணியோ பூசினாலும் நிற்காது. கனத்த கிளையென்றால் மூன்று வெட்டு: முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கம் கொஞ்சம், பிறகு இன்னும் தள்ளி மேலிருந்து முழுசாக, கடைசியில் புடைப்பையொட்டி. ஒரே வெட்டில் முடித்தால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். விறகாகப் போகிற மரத்துக்குப் பட்டை உரிந்தால் என்ன, உரியாவிட்டால் என்ன?

"மர வைத்தியமெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்குக் கட்டுப்படியாகாது" என்பவர்களும் உண்டு. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் மர வைத்தியத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அவர் எந்த ஊர் வெள்ளைக்காரர் என்று தெரியவில்லை. மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்தவரோ, தோட்டக்கலை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவரோ உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கலாம். அவரை அழைத்துப் பார்க்கச் சொல்லி, பார்த்ததற்கு ரொக்கமாகக் கொடுங்கள். வெட்டுகிறவருக்கும் நாள்கூலியை ரொக்கமாகவே கொடுங்கள். அவர் பிழைப்பும் கெடாது. விறகைத் தனியாக விற்றுப் பாருங்கள். இலவசக் கூலிக்கு நாம் எவ்வளவு கொடுத்துவந்தோம் என்பது அப்போதுதான் விளங்கும்.

எந்த மரத்தையும் வெட்டவே கூடாது என்பதல்ல என் வாதம். அடிமரத்தில் காளான் பூத்து, தட்டினால் பொள்ளென்று கேட்டு, ஒருபக்கம் மண் வெடித்து எழும்பியிருந்தால் அந்த மரத்தின் கீழ் கட்டில் போட்டுப் படுப்பது பக்தியாகாது. அதை எடுக்கத்தான் வேண்டும். அப்படிப்பட்ட மரத்தைப் பற்றி "எடுத்துவிடுங்கள்" என்ற வார்த்தை வரும்போது அதை நாம் நம்பவும் வேண்டும். சொல்கிறவருக்கு அதிலிருந்து ஒரு சுள்ளிகூடக் கிடைக்காது என்றால், தாராளமாக நம்பலாம்.