பழைய பைக்கைத் தேர்ந்து அறுத்தல்: ஒரு மூலபாட ஆய்வு

பழைய பைக்கைத் தேடிப் பிடித்து, வெட்டி ஒட்டி, ‘கஸ்டம்’ என்று பெயர் சூட்டும் வழக்கம் பெருகிவருவது அறிஞர் அறிந்ததே. ஆயினும் எந்தப் பைக்கை வெட்டுவது என்பது பற்றி முறையான ஆய்வு இதுவரை வரவில்லை. வந்தவற்றை முறையானவை என்று எழுதியவர்கள் மட்டுமே சொல்கிறார்கள். அக்குறை இன்றோடு நீங்குகிறது.

வெட்டத்தக்கவை நால்வகைப்படும். முதலாவது ராஜ்தூத், அதன் பெருமையைப் பால்காரர்களிடம் கேட்டுக்கொள்க. இரண்டாவது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் வந்தது, 1996இல் நின்றது. நின்ற பிறகுதான் அதன் விலை ஓடத் தொடங்கியது.

மூன்றாவது, மைசூரில் தயாரான ஜாவாவும் அதன் வாரிசு யெஸ்டியும். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் என்பதால் இதைத் துவைதம் என்பர் ஒரு சாரார். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பதால் அத்வைதம் என்பர் மறுசாரார். கிக்கர் திருப்பி அடித்து முழங்காலில் வாங்கியவர்கள் எந்தக் கட்சியிலும் இல்லை.

நான்காவது புல்லட். 1955இல் சென்னையில் கால்பதித்து, திருவொற்றியூர் ஆலையில் வளர்ந்தது. பழைய புல்லட்டில் வலக்காலுக்குக் கியர், இடக்காலுக்குப் பிரேக். எனவே அது வலங்கை மரபா, இடங்கை மரபா என்ற பூசல் ஓயவில்லை (காண்க: டீக்கடை பெஞ்சு, இடது ஓரம், ஆணிக் கிறுக்கல்).

இனி ஆய்வின் உயிர்நாடியான எஞ்சின் நம்பருக்கு வருவோம். வண்டி வாங்குபவர் முதலில் பார்ப்பது வண்டியை அல்ல, நம்பரைத்தான். கிராங்க் கேஸில் படிந்த கிரீஸைத் துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்து, ஒரு துண்டுத் தாளை ஒட்டவைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளுப்பாக எழும்பி வரும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போன்றதே இது. ஒரே வேறுபாடு, பைக்கின் படியை அன்றைக்கே ஒருவர் படித்துவிடுவார். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளோ, ஜாவா தயாரான அதே மைசூரில் எத்தனையோ ஆண்டு படிப்பாரற்றுப் படுத்திருந்தன. அவற்றுக்கு ஆர்.சி. புக் இல்லாதது காரணமாயிருக்கலாம்.

இங்குதான் பாடபேதம் தலைகாட்டுகிறது. கடைசி இலக்கம் 3 என்கிறது ஆர்.சி. புக், 8 என்கிறது பென்சில் படி. “சார், அது துரு” என்பது தரகர் பாடம். மூன்றில் தரகர் பாடமே தொன்மையானது, வண்டி வருவதற்கு முன்பே அது வழக்கில் இருந்தது (புதுப்பேட்டை, சந்து முனைக் கடை, ஷட்டரின் உட்புறம், சாக்பீஸ், பாதி அழிந்தது, மறுபாதி கடைக்காரரின் சட்டை முதுகில் தலைகீழாகப் பதிந்துள்ளது).

அடுத்து இடைச்செருகல். டேங்க் ஒரு காலம், மட்கார்டு வேறொரு காலம், ஹெட்லைட் யார் காலமோ. ஐயம் தீர, தின்னரில் தோய்த்த துணியால் டேங்கின் ஒரு மூலையில் அகழாய்வு செய்க. மேலே சிவப்பு, அதன் கீழே கருப்பு, அதற்கும் கீழே பச்சை, பிறகு பிரைமர். அதற்கும் கீழே போனால் தகரம் தீர்ந்து பெட்ரோல் வந்துவிடும். காலக்கணிப்பை அங்கே நிறுத்திக்கொள்வது மரபு (பிஸ்டன் ரிங் சுற்றி வந்த செய்தித்தாள், தேதி கிழிந்த பக்கம், ஆயில் கறைக்குக் கீழே, வரன் தேடல் விளம்பரத்துக்கும் நீத்தார் அறிவிப்புக்கும் இடையே, பால்பாயிண்ட் பேனாவில் போட்ட கூட்டல் கணக்கின் விடை).

இவ்வாறெல்லாம் சோதித்து, திருகாணி முதல் ஒரிஜினல் என்று நிறுவி, அதற்கென்றே கூடுதல் விலை கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்றா? மறுநாள் காலையில் வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்க ஃபிரேமை அறுத்துவிட வேண்டும். ஒரிஜினல் என்று நிறுவப்படாததை அறுப்பது இழிவு. மூலபாடத்தை அரும்பாடுபட்டு மீட்ட பதிப்பாசிரியர், தம் கைச்சரக்கைச் சேர்க்காமல் அச்சுக்கு அனுப்பியதுண்டா?

சட்டம் இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. 50 ஆண்டைத் தாண்டி, மூல வடிவம் குலையாமல் இருப்பதே வின்டேஜ் என்கிறது 2021இன் விதித் திருத்தம். தயாரித்தவர் வகுத்த அமைப்பை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, ரம்பம் படும்வரை அது வின்டேஜ். பட்டபின் வெறும் பைக். ஆர்டிஓ அலுவலக வாசலில் அதுவும் இல்லை.

இம்முடிவுகளை மறுத்து நண்பர் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதிவருகிறார். அவர் வாதங்களைப் பரிசீலிக்கத் தயாராக இருக்கிறோம், முதலில் அவர் வண்டி ஸ்டார்ட் ஆகட்டும்.