கம்பு அண்ணன்

கொழிஞ்சாம்பாறையில் வீதிக்கு ஒரு கம்பு அண்ணன் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு மடிப்பில் பாதி பிளேடு, சட்டைப் பையில் ஈரத்துணி. இரண்டும் இல்லாமல் கல்யாணத்துக்கும் போகமாட்டார், இழவுக்கும் போகமாட்டார்.

வாசல் வழியாக அவர் பேச்சைத் தொடங்கியதில்லை, எப்போதும் மதில் ஓரமாகத்தான். "ஏனுங் அம்மிணி, மல்லி இப்படிப் பொதராக் கெடக்குதே, கழிச்சு உட்டாத்தான பூக்கும்?" கேட்பது யாசகம், தொனி உபகாரம். அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் கவாத்து செய்தால்தான் புதுத் தளிர் வந்து மொட்டு வைக்கும். இவருடைய நவம்பர் ஆனி மாதமே தொடங்கிவிடும், அவ்வளவுதான். சித்தூர்ப் பக்கம் போனால் "சேச்சி, ஒரு கம்பு தருமோ?" ஒன்று என்று கேட்டு ஐந்தாக ஒடிப்பது இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

திருட்டு என்று சொல்லிப் பாருங்கள், கோபம் வந்துவிடும். "இது வெதை போட்டு வர்ற சாதியாங்க? நாலு பேரு ஒடிச்சு நட்டாத்தான் உண்டு!" அதுவும் சரிதான். குண்டுமல்லியில் விதை பிடிப்பது அபூர்வம். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியே கம்பிலும் பதியனிலும் வந்த வம்சம்தான்.

தொழிலில் மனிதர் சுத்தம். பென்சில் பருமன், பாதி முற்றிய தண்டு, நாலு கணு. கடைசிக் கணுவுக்குக் கீழே சரிவாக ஒரு வெட்டு. அடி இலைகளை உருவி, இரண்டு கணு மணலுக்குள் போகும்படி நடுவார். நம்மூர்க் கரிசல் மண்ணில் நேராக நட்டால் நீர் தேங்கி அழுகிவிடும் என்று மணல் தேடுவார். அதற்காக, வீடு கட்டுகிற இடங்களில் "ஒரு கை மணலுங்க" என்று இன்னொரு யாசகம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கம்பை உலர்த்திவிடாமலிருக்க அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடுவார். பாட்டில் எந்தப் பள்ளிக்கூடப் பையிலிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது.

முற்றத்துத் தொட்டிகளை அவர் அறிமுகப்படுத்துவதே தனி அழகு. "இது வேலந்தாவளம் கல்யாண வூட்டுப் பிச்சி. அது நல்லேப்பிள்ளி டாக்டர் வூட்டு முல்லை. அந்தா, எழவு வூட்டுக் கந்தராஜன்." அந்த இழவு வீட்டில் எல்லோரும் பாடையைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, இவர் கண் மட்டும் கிணற்றடியில் இருந்ததாம். இறந்தவர் பெயர் இப்போது அவருக்கு நினைவில்லை. கந்தராஜன் வேர்விட எத்தனை நாளானது என்று கேளுங்கள், நாழிகை உட்படச் சொல்வார்.

ஒருமுறை ராமேசுவரம் யாத்திரை போன இடத்தில் தங்கச்சிமடத்தில் இறங்கிவிட்டார். அந்த மணற்பாங்கில் மல்லி நாற்று வேர்விட வைத்து ஊரூருக்கும் அனுப்புகிறார்கள். பாத்தி பாத்தியாகக் கம்பு! பார்த்துக் கண் கலங்கினார், விலை சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய மல்லி தழையாது என்பது அவர் சித்தாந்தம். அத்தனை நாற்றுக்கு நடுவிலிருந்து ஒன்றும் வாங்காமல் திரும்பியவர், வழியில் சாப்பிட்ட ஓட்டல் வாசலிலிருந்து ஒரு நித்தியமல்லி கொண்டு வந்தார்.

வேர் பிடித்ததை அவர் வைத்துக்கொள்வதுமில்லை. கேட்டவருக்கும் கொடுப்பார், கேட்காதவர் திண்ணையிலும் வைத்துவிட்டுப் போவார். மொட்டு வைத்தால் மட்டும் பொறுக்கமாட்டார். சத்தெல்லாம் பூவுக்குப் போய்விட்டால் வேருக்கு என்ன மிஞ்சும் என்று கிள்ளி எறிந்துவிடுவார். அதனால் வீடு நிறைய மல்லிச்செடி இருந்தும் அவர் வீட்டு அக்கா வெள்ளிக்கிழமைதோறும் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பூவைத்தான் முழம் போட்டு வாங்குகிறார்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, சீமந்தத்துக்குத் தலையில் வைக்க நாலு பூ கேட்டு வந்தாள். அக்கா உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார்:

"பூவா கண்ணு? இந்த வூட்ல ஏது பூவு? கம்பு வேணும்னா ஒரு கட்டு எடுத்துக்கோ, அடுத்த பிரசவத்துக்குள்ள பூத்துரும்."