மணிமேகலை எங்கேன்னு கேட்ட பையன்

நடுவுல உக்காரு தம்பி. ஓரத்துல உக்காந்தா படகு சாயும். சாஞ்சா நான்தான் இறங்கித் தூக்கணும். தண்ணி பெருசா ஒண்ணும் ஆழமில்ல, ஆனா அடியில சேறு. கால விட்டா செருப்பைக் காணிக்கை குடுத்துட்டுத்தான் வரணும்.

இத ஏன் மொதல்லயே சொல்றேன் தெரியுமா? 2023 மே மாசம், பொன்னியின் செல்வன் படத்தோட ரெண்டாம் பாகம் வந்த சூடு ஆறாத நேரம், ரெண்டு காலேஜ் பசங்க ஏறுனானுவ. கிள்ளைப் பக்கம் பாத்த கொக்கு திரும்பிப் பாக்கறதுக்குள்ள சண்டைய ஆரம்பிச்சிட்டானுவ. ஒருத்தன், "மணிரத்னம் பிச்சு உதறிட்டாரு"ங்கறான். இன்னொருத்தன், "மணிமேகலை எங்கடா? கடம்பூர் வீட்டுப் பொண்ணயே முழுசா முழுங்கிட்டாரே"ங்கறான். சொன்னவன் சும்மா சொல்லப்படாதா? எழுந்து நின்னு சொல்றான். படகுல எவனாச்சும் எழுந்து நிப்பானா? படகு ஒரு ஆட்டம் ஆடிச்சு பாரு, ரெண்டு பேரும் சேந்து சுரபுன்னை வேரைக் கட்டிப் புடிச்சானுவ. அதுல மட்டும் ஒத்துமை.

நான் துடுப்ப மடியில போட்டுக்கிட்டுக் கேட்டேன். "தம்பி, புத்தகம் படிச்சிருக்கியா?" மணிமேகலைக்காக நின்னவன் தலைய ஆட்டுனான். அஞ்சு பாகமும் வீட்ல இருக்காம். இருக்கும் இருக்கும். மூணாம் பாகத்துக்குக் கண்ணாடிக் காகிதம் இன்னும் பிரிச்சிருக்க மாட்டான். அட்டைய மட்டும் வரிசையா நிக்க வெச்சுப் படம் புடிச்சு ஊருக்குக் காட்டியிருப்பான்.

உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? இந்தக் கதை எங்க பக்கத்துக் கதை. ஆடிப் பதினெட்டு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்றானே, அந்த வீரநாராயண ஏரி எது? இங்க காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம்தான். பராந்தக சோழன் காலத்து ஏரி. 2004லேருந்து அந்தத் தண்ணி இருநூறு கிலோமீட்டருக்கு மேல குழாயில போயி மெட்ராஸ்ல விழுது. எங்க ஏரித் தண்ணியக் குடிச்சிட்டு, எங்க கதைய வெச்சு, எங்க படகுலயே வந்து சண்டை போடுறானுவ. கேக்க ஆளிருக்கா?

ஆதித்த கரிகாலன் செத்த கதையும் அப்படித்தான். படத்துல ஒரு மாதிரி, புத்தகத்துல ஒரு மாதிரின்னு குஸ்தி போடுறானுவளே, அந்தப் பக்கம் போனா உடையார்குடி கோயில் கல்லுல பேரு வெட்டியிருக்கு பாரு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு. கரிகாலனக் கொன்ன துரோகிங்க சொத்தப் புடுங்குன கணக்கு அது. கல்லு எதுக்கும் வாய் தொறக்காது. நந்தினி கத்தியத் தூக்குனாளா, பழுவேட்டரையர் வீசுனாரா, ஒண்ணும் சொல்லாது. நெலம் எவ்வளவு, யாருக்குப் போச்சுன்னு மட்டும் சொல்லும். ராஜாங்க உத்தியோகஸ்தன் புத்தி அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்.

எம்ஜிஆருகூட 1958லயே இத எடுக்கணும்னு உரிமைய வாங்கி வெச்சாரு. நடக்கல. பதிலுக்கு 'இதயக்கனி' எடுக்க எங்க சுரபுன்னைக் காட்டுக்கு வந்தாரு, 1975ல வந்த படம். இன்னைக்கும் ஏறுறவன்ல பாதிப் பேரு அதத்தான் கேப்பான். வந்தியத்தேவனா அவரு நடிச்சிருந்தா உங்க தாத்தனுவ என்னா சண்டை போட்டிருப்பானுவன்னு நெனச்சா எனக்குச் சிரிப்பு வருது.

நம்ம ஊர்லதான் இந்தக் கூத்துன்னு நெனைக்காதே. என் பேரன் கைப்பேசியில ஒண்ணு பாப்பான். காது கூரா இருக்கற ஜனம், எல்ஃபாம். வயசாகிச் சாவே கெடையாதாம் அதுங்களுக்கு. எழுதுன வெள்ளைக்காரன் டோல்கீன். 1937ல கொழந்தைங்களுக்குன்னு 'ஹாபிட்'னு ஒரு கதை விட்டாரு. ஜனங்க இன்னும் வேணும்னாங்க. பதிப்பாளரும் விடல. மனுஷன் பதினேழு வருஷம் கழிச்சு, 1954ல, தலகாணி சைசுல ஒண்ணக் கொண்டாந்து வெச்சாரு. அடுத்த வருஷத்துக்குள்ள மூணு தலகாணி. கேட்டது பொம்மைக் கதை, வந்தது மகாயுத்தம். கிறுக்குன்னு சொன்னவனும் உண்டு, வேதம்னு சொன்னவனும் உண்டு. அதே 1954லதான் நம்ம கல்கி பொன்னியின் செல்வன முடிச்சு வெச்சாரு. டிசம்பர்ல கண்ணையும் மூடிட்டாரு.

2022 செப்டம்பர்ல அந்த எல்ஃப் கதைக்கு முன்கதைன்னு ஒரு தொடர் வந்திச்சாம், நம்ம படத்தோட மொத பாகம் வந்த அதே மாசம். அதுக்கு என்னா சண்டைங்கற? எல்ஃப் முடிய ஒட்ட வெட்டியிருக்கப்படாதாம். காது கூரா இருக்கலாம், சாகாம இருக்கலாம், அதையெல்லாம் நம்புவானாம். முடி வெட்டிக்கிட்டா நம்ப மாட்டானாம். ஆயிரம் வருஷம் உயிரோட இருக்கறவன் ஒருநா நாவிதர்ட்ட போக மாட்டானா தம்பி?

சரி, அத வுடு. கல்கியையே வுட்டானுவளா? மூணு வருஷத்துக்கு மேல வாரா வாரம் எழுதுன மனுஷன். முடிச்சதும், இவரு என்னா ஆனாரு, அவ என்னா ஆனா, இப்படித் திடுக்குனு முடிக்கலாமான்னு கேள்வி. அவரும் பொறுமையா முடிவுரைன்னு ஒண்ணு எழுதிப் பதில் சொன்னாரு. அதுவும் பத்தல. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'ன்னு தொடர்ச்சி எழுதுனாரு. அதப் படிச்சவன்ல ஒருத்தன், "ஆகா, குந்தவைய திரும்பப் பாத்தேன்"னான். இன்னொருத்தன், "இது எங்க குந்தவையே இல்ல"ன்னான். எங்க குந்தவையாம். இவன் என்னமோ பொண்ணு பாத்துட்டு வந்த மாதிரி.

சிரிக்காத. எங்கதையும் ஒண்ணு இருக்கு.

சிதம்பரத்துல எங்க மாமா ஒருத்தரு. வாராவாரம் கல்கி பத்திரிகையிலேருந்து அந்தப் பக்கத்த மட்டும் பிச்சி, கோணி ஊசியால தைச்சு, காலிகோ போட்டு வெச்சிருந்தாரு. மணியம் வரைஞ்ச படத்தோட. பின்பக்கம் பாதி விளம்பரம், தலைவலித் தைலம். எனக்குப் பதினாறு பதினேழு வயசு. ராத்திரி அரிக்கன் வெளக்குல நாலு பாகமும் முடிச்சேன். அஞ்சாவது கட்டுல கடைசி முப்பது பக்கம் இல்ல. எவனோ இரவல் வாங்குன புண்ணியவான் கிழிச்சிட்டான்.

என்னா பண்ணுவ? முடிவ நானே போட்டுக்கிட்டேன். வந்தியத்தேவனுக்கும் மணிமேகலைக்கும் கல்யாணம். கடம்பூர்ல, பந்தல் போட்டு. பூங்குழலி நம்ம கழிமுகத்துல ஒரு படகு வாங்கி ஓட்டுறா. பத்து பன்னெண்டு வருஷம் இதத்தான் படகுல ஏறுறவங்களுக்கெல்லாம் சொன்னேன். ஜனங்க கேட்டுச் சந்தோசமா இறங்கிப் போனாங்க.

ஒருநா ஒரு டீச்சரம்மா ஏறுனாங்க. கேட்டுட்டு, "மணிமேகலைதான் செத்துப் போறாளே"ன்னாங்க. துடுப்பு நழுவிடுச்சு எனக்கு. நூலகத்துல எடுத்துப் பாத்தேன். நெசந்தான். வந்தியத்தேவன் மடியிலதான் போறா பாவம். மூணு நாளு வீட்ல யாரோடயும் பேசல. கல்கி மேல அப்படி ஒரு கோவம் எனக்கு. எழுதுனவரு அவரு, கோவம் எனக்கு!

அதனாலதான் அந்த ரெண்டு பசங்களயும் நான் திட்டல. மணிமேகலைக்காக நின்னவன் கரைக்குப் போற வழியில மெதுவாக் கேட்டான். "தாத்தா, புத்தகத்துல அவ கடைசியில என்னா ஆவா?" மூணாம் பாகம் பிரிக்காத பயதான்னு முடிவாயிடுச்சு.

கடம்பூர்ல பந்தல் போட்டு கல்யாணம் நடந்திச்சுடான்னேன். ரெண்டு பேரும் கைப்பேசிய எடுத்துத் தேடுனானுவ. சுரபுன்னைக்குள்ள டவர் எங்க கெடைக்கும்?