கடிக்கிற பொம்மை

கேள்வி: கோவையில் பலரும் மரப்பொம்மை தேடி வாங்குகிறார்களே, திடீரென இயற்கைப் பாசமா? (வாசகர், பீளமேடு)

பதில்: பூமிப்பாசம் கொஞ்சம், பிள்ளை வாயில் வைக்குமே என்ற பயம்தான் அதிகம். வீண் பயமல்ல. 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் சோதித்த இறக்குமதி பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. முத்திரை வந்தபின் பிளாஸ்டிக்குக்கு என்ன குறை என்பீர்கள். உடைந்தபின் வெள்ளலூர் குப்பைக்கிடங்கில் மட்காமல் கிடக்குமே, அதற்கு முத்திரை பதில் சொல்லாது. அதற்காக மரம் என்றாலே சுத்தம் என்றும் நம்பிவிடாதீர்கள். பூசிய பெயின்ட்டில் ஈயம் இருந்தால் மரம் என்ன செய்யும்? கர்நாடகத்தின் சென்னபட்டணத்துக் கடைசல் பொம்மைக்குப் பெயர் வாங்கித் தந்ததே பெயின்ட்டுக்குப் பதிலான அரக்குப் பூச்சுதான். விலை கூடத்தான், ஆனால் அக்கா கடித்ததைத் தம்பியும் கடிக்கலாம். கடைக்காரரிடம் 'என்ன மரம்?' என்பதற்கு முன் 'என்ன சாயமுங்க?' என்று கேளுங்கள்.