இரண்டாம் வாசல்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைத் தாண்டிவிட்டால் பெருமாள் கிடைத்துவிட்டார் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. 236 அடி, 13 நிலை, 1987-இல் குடமுழுக்கு, எல்லாம் சரி. பிராகாரம் ஏழாயிற்றே!

லைசென்ஸ் சர்வரும் இதே வகையறாதான். திருச்சிக் கல்லூரி லேபில் மாணவர் மேட்லேப் திறந்தால், கணினி முதலில் சர்வரின் 27000-ஆம் போர்ட்டைத் தட்டும். அங்கிருக்கும் 'எல்எம்ஜிஆர்டி' என்ற காவலாளி, "சீட்டு தர்றது அடுத்த வாசல்ல, போங்க" என்று கைகாட்டுவார். எண் குறித்து வைக்காவிட்டால் அந்த வாசல், சர்வரை அணைத்துப் போடும்போது இடம் மாறிவிடக்கூடும். ஃபயர்வாலுக்கு அது தெரியாது, மறிக்கும். திரையில் 'மைனஸ் 15' என்ற பிழை.

"பிங் போகுதே சார்!"

போகும். கோபுர தரிசனம் யாருக்கும் கிடைக்கும்.

லைசென்ஸ் கோப்பின் டீமன் வரியில் அந்த இரண்டாம் வாசலுக்கு 27001 என்று எழுதி, ஃபயர்வாலில் அதையும் திறந்துவிட்டால் தீர்ந்தது. இதற்கு வைகுண்ட ஏகாதசி வரை காத்திருக்க வேண்டியதில்லை.